பழைய பீரோவ ஆன்லைன்ல வாங்கப் போறீங்களா, மொதல்ல அடியக் காட்டச் சொல்லுங்க

நான் காரைக்குடி. வீட்டுல இருந்து சைக்கிள எடுத்தா பத்து நிமிஷத்துல முனீஸ்வரன் கோவில் தெரு, அங்க வரிசையா பழைய சாமான் கடைங்க, மங்குச் சட்டியில இருந்து நெல்லு கொட்டி வைக்கிற பத்தாயம் வரைக்கும் கெடைக்கும். இத இவ்வளவு பக்கத்துல வச்சுக்கிட்டு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் போன்ல ஏன்டா பீரோ தேடுறன்னு எங்க மாமா கேக்காத நாள் இல்ல. நியாயமான கேள்விதான். ஆனா கடையில வெல கேட்டா எனக்கு மூச்சு முட்டுது, பெங்களூர்ல இருந்து கார் வச்சு வர்றவங்களுக்கும் ரிசார்ட் கட்டுறவங்களுக்கும் சொல்ற வெலையத்தான் நமக்கும் சொல்றாங்க. நேரா வீட்டுக்காரங்ககிட்டயே வாங்கினா கம்மியா முடியும்ங்கற நப்பாசையில மூணு வருஷமா ஆன்லைன்ல வாங்கிட்டு இருக்கேன். ஒரு கட்டில், ரெண்டு பிரம்பு சேர், ஒரு ஸ்டீல் பீரோ, ரெண்டு மர பீரோ, வீடு வந்து சேராத ஒரு மேஜை. இதுல ரெண்டு முழு தண்டம். அந்த ரெண்டு தண்டத்துல படிச்ச படிப்புதான் இது எல்லாம்.

மொத தண்டம் ஒரு மர பீரோ. போட்டோவப் பாத்தா கண்ணுல ஒத்திக்கலாம். ஆத்தங்குடி டைல்ஸ் தரை, பின்னாடி வழுவழுன்னு சுண்ணாம்புச் சுவரு, ஓரத்துல ஒரு மரத்தூண், நடுவுல பீரோ. "செட்டிநாடு ஆண்டிக், பர்மா தேக்கு, 150 வருஷம்"னு போட்டிருந்தாங்க. நான் தரையப் பாத்து பீரோவ வாங்கிட்டேன், அதான் உண்மை. வந்து எறங்கினப்புறம் சுவத்துல ஒட்டி வைக்கறதுக்காக திருப்பினோம், முதுகுப்பலகை பூரா பிளைவுட். கீல்ல ஸ்டார் ஸ்க்ரூ. டிராயர உருவி கவுத்தா அடியில புத்தம்புது வெள்ளை மரம், மேல மட்டும் சாயம் ஏத்தி பாலிஷ். அந்த தரை எந்த வீட்டுத் தரையோ, அந்த பீரோ அங்க ஒரு மணி நேரம் போட்டோவுக்கு நின்னிருக்கும் அவ்வளவுதான்.

அதனால விளம்பரத்துல "செட்டிநாடு", "பர்மா தேக்கு", "ஆண்டிக்"னு மூணு வார்த்தையும் சேந்து வந்துச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, உஷாராகுங்க. இந்தப் பக்கம் பெரிய வீடுங்க பெரும்பாலும் 1850க்கு மேல ஆரம்பிச்சு 1940கள் வரைக்கும் எழும்பினது. பர்மா, சிலோன், மலேயான்னு போய் சம்பாரிச்ச காசு, கப்பல்ல வந்த மரம். 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்ததும் கடை கண்ணியெல்லாம் போட்டது போட்டபடி ஓடிவந்ததோட அந்த வரத்து படுத்துருச்சு. அதனால 150 வருஷம்னு யாராச்சும் சொன்னா சண்ட போடாம ஒரே ஒரு கேள்வி கேளுங்க, இது வீட்டுக்கு எப்படி வந்துச்சு? வீட்டுக்காரங்களா இருந்தா "எங்க அப்பத்தா கல்யாணச் சீருல வந்தது, அந்த ரூம்புலயேதான் கெடந்துச்சு, ஒரு காலு மட்டும் அப்பறம் மாத்துனது"ன்னு கதையா சொல்லுவாங்க. புரோக்கரா இருந்தா "நல்ல ஓல்டு பீஸ் சார்"னு சொல்லுவான், அதுக்கு மேல ஒரு வரி வராது.

இன்னொன்னு, பழைய மரத்துல புதுசா செஞ்ச சாமான். இது இங்க நெறைய. வீட்ட இடிக்கும்போது வர்ற நிலை, உத்தரம், கதவு இதெல்லாம் பட்டறைக்குப் போயி மேஜையாவும் கட்டிலாவும் திரும்பி வரும். இது மோசடின்னு சொல்ல மாட்டேன், மரம் அருமையா காஞ்ச மரம், வளையாது, புது மரத்த விட ஒசத்தி. மியான்மர்லயே 2014 ஏப்ரல்ல இருந்து தேக்கு உருட்டுக்கட்டையா ஏத்துமதி பண்றத தடுத்துட்டாங்க, அதனால பழைய தேக்குக்கு இப்ப தனி மவுசு. ஆனா போன வருஷம் செஞ்ச மேஜைக்கு பாட்டன் காலத்து வெல குடுக்கக் கூடாதுல்ல. அடியில பாத்தா தெரிஞ்சுரும், சம்பந்தமே இல்லாத எடத்துல ஆணி ஓட்டை, கதவோட துளைய அடைச்ச மரத்துண்டு, ஒரு பக்கம் கருத்தும் ஒரு பக்கம் புதுசா இழைச்சும் இருக்கும்.

சரி, விளம்பரம் புடிச்சிருச்சு, மெசேஜ் போடணும். இங்கதான் பாதிப் பேருக்கு பொறுமை போகும், எனக்கும் போயிருக்கு. "இருக்கா?"ன்னு கேப்போம், "இருக்கு"ன்னு வரும், "அளவு என்னங்க?"ன்னு கேப்போம், ரெண்டு நாளைக்கு ஆளையே காணோம், மூணாவது நாள் "வாங்கறீங்களா இல்லையா, இன்னொருத்தர் வண்டி எடுத்துட்டு கெளம்பிட்டாரு"ன்னு வரும். அந்த இன்னொருத்தர் எப்பவும் கெளம்பிட்டுதான் இருப்பாரு, வந்து சேந்தத நான் பாத்ததே இல்ல. வெலயில ஒரு ரூபான்னு போட்டு உள்ள வந்து கேட்டா "பேசிக்கலாம்"ங்கறது, ஊர் காரைக்குடின்னு போட்டுட்டு சாமான் கோயம்புத்தூர்ல கெடக்கறது, இதெல்லாம் அன்னாடம் நடக்குறது. கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல. நான் இப்ப மொத மெசேஜ்லயே எல்லாத்தையும் கேட்டுருவேன், வணக்கங்க, சாமான் இப்ப எந்த ஊர்ல இருக்கு, முதுகுப் பக்கம் ஒரு போட்டோ, டிராயர வெளிய உருவி அடியில ஒரு போட்டோ, கால் தரையத் தொடுற எடம் ஒரு போட்டோ, டேப் புடிச்சு நீளம் அகலம் உயரம். விக்கணும்னு நெனைக்கிறவங்க அனுப்பிருவாங்க. "நேர்ல வந்து பாருங்க சார், பாத்தா விடமாட்டீங்க"ன்னு மட்டும் பதில் வந்தா நான் அதோட விட்டுருவேன். முதுக காட்டாத பீரோவுக்கு முதுகுல ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

அளவு விஷயத்துல ஏமாந்தா யாரையும் திட்ட முடியாது, நம்மளத்தான் திட்டிக்கணும். பழைய கட்டில் எல்லாம் இப்ப விக்கிற மெத்தை சைஸ்ல இருக்காது. இப்ப கடையில குயின் சைஸ் மெத்தை வாங்கினா 75க்கு 60 இஞ்சு இல்ல 78க்கு 60, பழைய கட்டில் அவங்க ஆசாரி போட்ட அளவு, ரெண்டு இஞ்சு முன்னப் பின்ன இருக்கும், மெத்தைய தனியா சொல்லி தைக்கணும், அந்தக் காச கட்டில் வெலயோட கூட்டிப் பாருங்க. அப்பறம் உங்க வீட்டு வாசல அளங்க, மாடியா இருந்தா படி திரும்புற எடத்த அளங்க. நான் வாங்கின கட்டில் மாடிப்படி திருப்பத்துல நின்னு போயி அன்னைக்கு ராத்திரி முழுக்க ஹவுஸ் ஓனர் வீட்டு வாசல்லயே கெடந்துச்சு, காலைல ஆசாரி வந்து தலைமாட்ட கழட்டி ஏத்துனாரு, ஓனரம்மா இன்னைக்கு வரைக்கும் அத சொல்லிக் காட்டுவாங்க.

ரெண்டாவது தண்டம்தான் இந்த ஊருக்கே உரிய தண்டம். தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம், பூட்டின வீடு, கல்யாணம், முன்னோருக்குப் படைக்கிற படைப்புன்னாத்தான் தொறப்பாங்க, வீட்டுக்காரர் சென்னையில, சாவி வாட்ச்மேன்கிட்ட. மேஜை அருமையான மேஜை, கணக்குப்பிள்ளை ஒக்காந்து எழுதுற மாதிரி சாய்வா மூடி வச்சது, அடியெல்லாம் பாத்துட்டேன், சுத்தம். போன்லயே பேசி வெலயும் முடிஞ்சு ரெண்டாயிரம் டோக்கன் போட்டு வண்டியும் எடுத்துட்டுப் போயாச்சு. மேஜைய முகப்பு வரைக்கும் தூக்கிட்டு வந்தாச்சு, அப்ப பக்கத்து வீட்டுல இருந்து ஒரு பெரியவர் வேகமா வந்தாரு. "யாரு தம்பி நீங்க, இது பொதுச் சாமான், நாலு பங்காளிக்கும் பங்கு இருக்கு, அவன் ஒருத்தன் எப்படி விப்பான், உள்ள வைங்க"ன்னாரு. அவர் சொன்னதுல தப்பே இல்ல. வண்டி வாடகை போச்சு, டோக்கன் திரும்பி வர நாப்பது நாள் ஆச்சு.

அதனால இங்க பழைய வீட்டுச் சாமான் வாங்குறவங்க கட்டாயம் கேக்க வேண்டியது, இது உங்க தனிச் சாமானாங்க, இல்ல பொதுவா? பொதுன்னா மத்த பங்காளிங்களுக்குத் தெரியுமா? கேக்க சங்கடமாத்தான் இருக்கும், ஆனா மொறையா விக்கறவங்க கோவிச்சுக்க மாட்டாங்க, அவங்களே "எங்க அண்ணன்கிட்ட கேட்டுட்டேன்"னு சொல்லிருவாங்க. வாட்ஸ்அப்ல ஒரு வரி எழுதி வாங்கிக்கங்க, வித்தவர் பேரு, என்ன சாமான், எவ்வளவு, தேதி. செதுக்கு வேலை உள்ள கதவு, நிலை, தூண் போதிகை இதெல்லாம் அடிமாட்டு வெலக்கு வந்தா எட்டக்கூட பாக்காதீங்க. பூட்டிக் கெடக்குற வீட்டுல திருட்டுப் போறதும் உண்டு, திருட்டுச் சாமான்னு தெரிஞ்சு வாங்கினா வாங்கினவன் மேலயும் கேஸ் வரும். வெளிநாட்டுல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒண்ணு, 100 வருஷத்துக்கு மேல பழசான கலைப்பொருளை 1972ல வந்த தொல்பொருள் சட்டப்படி தனியாளா யாரும் நாட்டுக்கு வெளிய கொண்டு போக முடியாது. "கன்டெய்னர்ல அனுப்பிரலாம் சார்"னு ஈஸியா சொல்றவங்கள நம்பி அட்வான்ஸ் போடாதீங்க.

நேர்ல பாக்கப் போறப்ப நான் ஒரு மஞ்சப்பையில டேப்பு, டார்ச்சு, ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு வெள்ளைத்தாள் எடுத்துட்டுப் போவேன். பகல்ல போங்க. சாயந்தரம் ஆறு மணிக்கு டியூப்லைட் வெளிச்சத்துல எல்லா மரமும் தேக்குதான். போனதும் முன்பக்கத்தப் பாத்து ஆஹா ஓஹோன்னு சொல்லிராதீங்க, அங்கயே வெல ஏறிரும். அமைதியா டிராயர உருவுங்க. பழைய வேலைன்னா டிராயர் மூலையில ரெண்டு கையோட விரல கோத்த மாதிரி மரத்துக்குள்ள மரம் கோத்திருக்கும், ஒவ்வொரு பல்லும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமா இருக்கும், கையால வெட்டுனது அப்படித்தான் இருக்கும். அடிப்பலகையில கையத் தடவிப் பாருங்க, இழைப்புளி போன அலை லேசா கைக்குத் தெரியும். வட்ட வட்டமா ரம்பம் போன தடம் இருந்தா அது மெஷின்ல அறுத்தது. ஸ்க்ரூவப் பாருங்க, நடுவுல ஒரே கோடு இருந்தா பழசா இருக்க வாய்ப்பு இருக்கு, ஸ்டார் இருந்தா ஒண்ணு ரிப்பேர் பண்ணிருக்கணும் இல்ல புதுசு. ஒரே ஒரு ஸ்டார் ஸ்க்ரூவ வச்சு பொய்னு முடிவு பண்ணிராதீங்க, நூறு வருஷத்துல ஒரு கீலாவது மாத்தியிருப்பாங்க.

மரம் எதுன்னு பாக்க, அடியில கண்ணுக்குப் படாத எடத்துல கேட்டுட்டு உப்புத்தாள ரெண்டு தேய் தேய்ங்க. தேக்குன்னா பொன்னு கலந்த பழுப்பா வரும், மோந்து பாத்தா தோல் செருப்புக்கடை வாசன மாதிரி ஒரு எண்ணெய் வாசன. தோதகத்தின்னு சொன்னா, அதான் ரோஸ்வுட், கருப்பும் ஊதாவும் கலந்து கோடு ஓடும், வெயிட்டு தேக்க விட நல்லாவே கூட, ஒரு ஸ்டூல தூக்குறதுக்கே ரெண்டு கை வேணும். தேய்ச்சா வெள்ளையா வந்து மேல மட்டும் கருப்புன்னா அது சாயம் ஏத்துன ஏதோ ஒரு மரம். வாகை, வேம்பு, பூவரசு இதெல்லாம் கேவலம்னு நான் சொல்லல, எங்க வீட்டுல வேப்பமரப் பெட்டி ஒண்ணு ஒழைக்குது பாருங்க, தேக்கெல்லாம் பிச்ச வாங்கணும். வேம்ப வேம்பு வெலக்கு வாங்குங்க.

அப்பறம் உளு, அதான் மரத்த துளைச்சு மாவாக்குற பூச்சி. இத மட்டும் சோம்பேறித்தனம் படாம பாருங்க. குண்டூசி தலை அளவு ஓட்டை இருந்தா மட்டும் பயப்பட வேண்டியதில்ல, பழைய ஓட்டையா இருக்கலாம், பூச்சி எப்பவோ போயிருக்கலாம். ஓட்டைக்கு கீழ வெள்ளைத்தாள வச்சு மரத்த நல்லா தட்டுங்க, கோதுமை மாவு மாதிரி புதுசா கொட்டுச்சுன்னா உள்ள ஆள் இருக்கு. தேக்குல உளு விழாதுன்னு சொல்லுவாங்க, அது நடு வைரத்துக்குத்தான் பொருந்தும், ஓரத்துல வெளுப்பா இருக்குற மரத்த தேக்குன்னாலும் தின்னும். செல்லு, அதான் கரையான், வேற மாதிரி, மண்ணுக்கோடு இழுத்திருக்கும், பலகைய கட்டைவிரலால அழுத்துனா உள்ள போகும், தட்டுனா டொக்குன்னு வெத்துச் சத்தம் வரும். தரையத் தொடுற கால் நுனியும் முதுகுப்பலகையும்தான் அதுக்கு வாசல். லப்பம் அடைச்சு பாலிஷ் போட்டு மறைச்சிருந்தா டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க, மேடு பள்ளம் தெரிஞ்சுரும்.

கட்டிலுக்கு தனியா ஒண்ணு, மூட்டப்பூச்சி. சட்டம் கோக்குற சந்துலயும் கால் துளையிலயும் கருப்பு கருப்பா புள்ளி இருந்தா அப்படியே திரும்பி வந்துருங்க, இலவசமா குடுத்தாலும் வேண்டாம். பழைய மெத்தை எந்த வெலக்கும் வேண்டாம். எங்க அம்மாவுக்கு கட்டிலே வேண்டாம், "யாரு படுத்து யாரு போன கட்டிலோ"ன்னு ஒரு வாரம் பேசாம இருந்தாங்க, அப்பறம் சாம்பிராணி போட்டு சூடம் காட்டினதும் சமாதானம். அம்மாவ வழிக்குக் கொண்டுவர்றதுக்கெல்லாம் கைடு எழுத முடியாது.

டிரான்ஸ்ஃபர்ல போறவங்க விக்கிற பிளைவுட் கட்டில், ஸ்டீல் பீரோ இதெல்லாம் ஏப்ரல் மே மாசம் நெறைய வரும், ஸ்கூல் லீவுல வீட்ட காலி பண்றவங்க, வெல நல்லாவே கொறைப்பாங்க. ஸ்டீல்ல கீழ்த்தட்டு துருவும் லாக்கர் சாவியும் பாத்தா போதும். பெட்டியில வந்து நாமளே மாட்டுன மரத்தூள் பலகைச் சாமான் மட்டும் வேண்டாம், ஒருவாட்டி கழட்டி மாட்டுனாலே ஸ்க்ரூ துளை லூஸாயிரும், தண்ணி பட்ட ஓரம் ரஸ்க்கு ஊறுன மாதிரி ஊதியிருக்கும்.

காசு. சாமான கண்ணால பாக்காம ஒத்த ரூபா போடாதீங்க. "நான் மிலிட்டரியில இருக்கேன், டிரான்ஸ்ஃபர் வந்துருச்சு, மிலிட்டரி வண்டியிலயே அனுப்புறேன், வண்டிக்கு மட்டும் காசு போடுங்க"ன்னு ஐடி கார்டு போட்டோவோட வருவாங்க, ரொம்ப நாளா ஓடுற டிராமா இது. நீங்க விக்கிற பக்கம் இருந்தா க்யூஆர் கோடு அனுப்பி "ஸ்கேன் பண்ணுங்க, காசு வரும்"பாங்க. காசு வர்றதுக்கு ஸ்கேனும் வேண்டாம் பின் நம்பரும் வேண்டாம், பின் அடிச்சா போகத்தான் செய்யும். போயிருச்சுன்னா வெக்கப்பட்டு ஒக்காராம ஒடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் போடுங்க, சீக்கிரம் சொன்னாத்தான் நடுவுல நிப்பாட்ட முடியும். வெல பேசுறதப் பத்தி எனக்கு பெருசா சாமர்த்தியம் கெடையாது. கொறைய கையக் காட்டி சொல்லுவேன், இந்தக் காலு மாத்தணும், கண்ணாடி ரசம் போயிருச்சு, பிரம்பு பின்னணும்னு. வீட்டுல ஆச்சி இருந்தாங்கன்னா அவங்ககிட்ட சாமானப் பத்தி ரெண்டு வார்த்தை கேளுங்க, நல்லா வச்சுக்குவீங்கன்னு அவங்களுக்குத் தோணுச்சுன்னா "புள்ள கேக்குற வெலக்கே குடுத்துருடா"ன்னு அவங்களே முடிச்சு வச்சுருவாங்க, எனக்கு ஒருவாட்டி அப்படி நடந்திருக்கு.

வண்டிக்கு குட்டியானை, அதான் டாடா ஏஸ், போதும், பின்னாடி தொட்டி ஏழடிக்கு கொஞ்சம் கூட இருக்கும், கட்டில் சட்டத்த கழட்டிட்டா படுக்கப் போட்டுக்கலாம். கழட்டுறப்ப ஒவ்வொரு மூட்டுலயும் சாக்பீஸ்ல ஒரே நம்பர ரெண்டு பக்கமும் எழுதிருங்க, பழைய சாமான்ல ஒரு காலு இன்னொரு துளையில போகாது. பீரோ கண்ணாடிய தனியா கழட்டி மடியில வச்சுட்டு வாங்க. பீரோவ ஏத்தறதுக்கு முன்னாடி டிராயர் எல்லாம் உருவிட்டு கதவ கயித்தால கட்டுங்க, வெறும் பூட்டை நம்பாதீங்க. வாடகை பேசும்போதே ஏத்துக்கூலி எறக்குக்கூலி சேத்தா இல்லையான்னு கேட்டுக்கங்க, இல்லன்னா வீட்டு வாசல்ல வச்சு தகராறு.

வந்ததும் நேரா உள்ள கொண்டு போயி வைக்காதீங்க. மழைபடாத வெராண்டாவுல கொஞ்ச நாள் கெடக்கட்டும், அடியில நியூஸ்பேப்பர் விரிச்சு வைங்க. மாவு கொட்டுச்சுன்னா உளு மருந்து அடிக்கணும், பாலிஷ் மேல அடிச்சா உள்ள எறங்காது, அடியிலயும் முதுகுலயும் பாலிஷ் இல்லாத மரத்துல அடிக்கணும், ஓட்டைக்குள்ள ஊசியால ஏத்தணும். மண்ணெண்ண தடவுனா செத்துரும்னு சொல்லுவாங்க, மேலாப்புல இருக்குறதுக்கு ஏதோ சரி, ஆழத்துல இருக்குற புழுவுக்கு அது ஒண்ணும் பண்ணாது, வீடு முழுக்க நாத்தம்தான் மிச்சம். பிரெஞ்சு பாலிஷ் போடுறதா இருந்தா ஐப்பசி கார்த்திகை மழையில போடாதீங்க, ஈரக்காத்துல வெளுத்து பூத்துரும். பூட்டின வீட்டுல பல வருஷம் கெடந்த மரத்த ஒடனே ஏசி ரூம்ல தள்ளுனாலும் பலகை சுருங்கி விரிசல் விட்டுரும்.

இப்ப எங்க வீட்டு வெராண்டாவுல ரெண்டாவது பீரோ நிக்குது, பள்ளத்தூர்ல வாங்கினது, முதுகு கூட ஒரே பலகைத் தேக்கு. பேப்பர் விரிச்சு பன்னெண்டு நாள் ஆச்சு. பதினோரு நாள் சுத்தமா இருந்துச்சு, இன்னைக்கு காலைல பின்பக்க எடது காலுக்கு கீழ ஒரு சிட்டிகை மாவு. ஆசாரிக்கு போன் பண்ணிருக்கேன், வெள்ளிக்கெழம வரேன்னாரு.